இறையிறுத்தலும் ஊராட்சித் தகுதியும்

ஊராட்சி மன்றத்தில் உறுப்பினராக அமர விழைவோர், ஊர்க்குத் தாம் செலுத்தற்குரிய வரியை நிலுவையின்றிச் செலுத்தியிருத்தல் வேண்டும் என்பது இன்று தமிழ்நாட்டில் சட்டமாக நிலவுகின்றது. இவ்விதியைப் பற்றிப் பேசுவோர் பலர், ‘இஃது ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே உத்தரமேரூர்க் கல்வெட்டிற் பொறிக்கப்பெற்ற விதியே’ என்று கூறிவருதலை மேடைகளிலும் நூல்களிலும் காண்கின்றோம். இக்கூற்று எத்துணை அளவிற்கு உண்மையாகும்? கல்வெட்டு உண்மையிற் கூறுவது யாது? கூறாதது யாது? பழைய ஊர்ச்சபையார் இறை இறாதாரை எவ்வாறு நடத்தினர்? இன்றைய சட்டம் எங்ஙனம் நடத்துகின்றது? இவ்வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். கல்வெட்டிற்கு அது கூறாத பொருளை ஏற்றியுரைத்தல், முன்னோரைப் பெருமைப்படுத்துவதாகத் தோன்றினும், அவர்தம் உண்மையான அறிவுத்திறத்தை மறைத்துவிடும் என்பது எமது கருத்து.

1. இறை, கடன், கடமை

முதற்கண் சொற்களை நோக்குவோம். வரியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் தலையாயது ‘இறை’ என்பதாகும். ‘இறு’ என்னும் வினைக்குச் செலுத்துதல் என்பது பொருள்களுள் ஒன்று. இறுக்கப்படுவது இறை. ஆளும் தலைவனையும் கடவுளையும் குறிக்கும் ‘இறை’, ‘இறைவன்’ என்னும் சொற்களும் இதே வடிவின. இவை ஒரே வேரினவா, வேறுவேறு வேரின வடிவொற்றுமை பெற்றனவா என்பது தனியே ஆராய்தற்குரியது. ஆயினும் இவ்விரு பொருளையும் அடுத்தடுத்து வைத்துப் பாடிய புலவர் திருவள்ளுவர் என்பதை நாம் மறத்தலாகாது. நாடு என்னும் அதிகாரத்து மூன்றாங் குறளில் (733) இறைவனும் இறையும் ஒருங்கே நிற்கின்றன. அப்பாடலில் வரி செலுத்துவோரின் ஆற்றலே நாட்டிற்கு இலக்கணமாகச் சொல்லப்பெற்றமை நோக்கத்தக்கது. பிற இடங்களில் நம் இலக்கியங்கள் பெரும்பாலும் வரி கொள்வோனுக்கே அறிவுரை கூறுகின்றன. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றுப் பாடல் (184) அதற்குச் சான்றாம். வரி கொடுப்போனுடைய பொறுப்பை, அதிலும் அவனே ஊரை ஆளும் அவையில் அமருங்கால் அவனுக்குள்ள பொறுப்பை, விரித்துரைப்பன இலக்கியங்கள் அல்ல. கல்வெட்டுக்களே அதனை உரைக்கின்றன.

அடுத்து நோக்கத்தக்கன ‘கடன்’, ‘கடமை’ என்னும் சொற்கள். பொன்முடியார் பாடலில் (புறம். 312) தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரியனவாகக் கூறப்படும் கடன் என்பது செய்தற்குரிய செயலைக் குறிக்கும். இன்று அச்சொல் பெரும்பாலும் பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளையே குறிக்கின்றது. கடமை என்னும் சொல்லோ இதற்கு நேர்மாறாக நடந்துள்ளது. சோழர் கல்வெட்டுக்களில், சிறப்பாக முதற் குலோத்துங்கன் காலத்திற்குப் பின் எழுந்தவற்றில், ‘கடமை’ என்பது நிலவரியின் பெயராகப் பெருக வழங்குகின்றது. இன்று அச்சொல் வரிப்பொருளை அறவே இழந்து, செய்தற்குரிய செயல் என்னும் பொருளில் மட்டும் நிற்கின்றது. வரியைக் கடமை என்றே அழைத்த மக்கள், அதனைப் பிறர்க்குப் பட்ட கடனினின்று வேறாக எண்ணினர் என்று இச்சொல் ஒன்றையே கொண்டு துணிதல் பொருந்தாது. ஆயினும் கடன், கடமை என்னும் இரண்டையும் வேறுபடுத்திக் காணவேண்டிய ஓரிடம் இக்கட்டுரையின் பிற்பகுதியில் வரும். ஆகலின் இவ்வேறுபாட்டை ஈண்டுக் குறித்து வைத்தல் நலம்.

2. உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் கூறுவன

காஞ்சிபுர மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டிலும் பதினான்காம் ஆட்சியாண்டிலும் பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுக்கள் உள்ளன. இவை முறையே கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகட்கு உரியன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெங்கையா அவர்கள் இவற்றின் சிறப்பை உலகறியச் செய்தார்கள். பின்னர்க் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அவர்களும் நீலகண்ட சாத்திரியார் அவர்களும் இவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். இரண்டும் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் தாமே கூடி, அரசனது ஆணைப்படி, அவனுடைய அதிகாரி உடனிருக்கச் செய்த ஏற்பாடுகளாம். முன்னதில் தத்தனூர் மூவேந்தவேளானும் பின்னதில் சோமாசிபெருமானும் அங்ஙனம் உடனிருந்தோர்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பினரும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் குடத்திலிட, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தனர். அங்ஙனம் வந்த முப்பதின்மருள் பன்னிருவர் ஆட்டை வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் அமர்ந்தனர். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவற்றிற்கு மீண்டும் குடவோலை வாங்கி அவ்வாறுபேரைத் தேர்ந்தனர். பதவிக்காலம் முந்நூற்றறுபது நாள். ஓலையை வாங்கும் மத்தியத்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்றல் வேண்டும் என்பது வரை விதி செய்தோரின் நுணுக்கத்தைக் கற்பார் யாவரும் அறிவர். ஆகலின் அதனை ஈண்டு விரித்திலம்.

நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவன தகுதி பற்றிய விதிகளே. பதினான்காம் ஆண்டுக் கல்வெட்டின்படி, குடவோலைக்குரியோன் கால் வேலிக்கு மேல், அஃதாவது ஐந்து மாவிற்கு மேல், இறைநிலம் உடையவனாதல் வேண்டும். தனக்குரிய மனையில் வீடு எடுத்துக் குடியிருத்தல் வேண்டும். அகவை முப்பத்தைந்திற்கு மேலும் எழுபதிற்குக் கீழும் இருத்தல் வேண்டும். வேதநூற் பயிற்சி வேண்டும். ஒரு வேதத்தோடு பாடியங்களுள் ஒன்றும் வல்லானாயின் அரைக்கால் வேலி நிலமே போதுமானது. முந்திய மூவாண்டில் வாரியஞ் செய்திருத்தல் கூடாது. இவ்விதிகளை ஈராண்டுகட்கு முன்னர்ச் செய்த ஏற்பாட்டோடு ஒப்பிட்டால், அகவை வரம்பு முப்பது, அறுபது என்பதினின்று உயர்த்தப்பட்டமை விளங்கும். இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தினர் எனின், முதல் ஏற்பாட்டில் அவர்கள் ஏதோ குறை கண்டனர் என்பது போதரும். தீயோர் கெட்டு நல்லோர் ஓங்குதற் பொருட்டே இத்திருத்தம் என்று கல்வெட்டே குறிக்கின்றது.

விலக்குக்குரியோர் பட்டியலில் முதலிடம் பெறுவோர் யாவர்? வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது இருந்தோர். அவர் மட்டுமல்லர், அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், சிறிய தாய் பெரிய தாய் மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மருமகன் முதலாகப் பெரியதொரு சுற்றமே விலக்கப்பட்டது. பிறர் பொருள் கவர்ந்தோர் முதலிய ஏனையோர் இதன் பின்னரே வருகின்றனர். மேலும், கணக்கெழுதிய கரணத்தான், தன் கணக்கைக் காட்டித் தூயவன் எனத் துணியப்பட்ட பின்னரே மீண்டும் கணக்கெழுதப் புகலாம் என்றும் விதித்துள்ளனர்.

3. கல்வெட்டுக் கூறாதது

மேற்கண்டவற்றுள் ‘இறை நிலுவை வைத்திருப்போன் குடவோலைக்கு உரியனல்லன்’ என்னும் விதி யாண்டும் இல்லை. இதனைத் தெளிவாகக் கூறிவிடுதல் வேண்டும். உள்ளவை இரண்டு விதிகள். ஒன்று, வேட்பாளன் இறைநிலம் உடையனாதல் வேண்டும் என்பது. மற்றொன்று, முன்பு பதவி வகித்திருப்பின் கணக்குக் காட்டியிருத்தல் வேண்டும் என்பது. முன்னதிலிருந்து ‘இறை இறுத்தவனே தகுதியுடையான்’ என்று மேடையில் விரித்துரைப்போர், ‘இறைநிலம்’ என்னும் தொடரின் பொருளைச் சற்றே நழுவவிடுகின்றனர்.

இறைநிலம் என்பது இறைக்கு உட்பட்ட நிலம். இதன் எதிர்ச்சொல் ‘இறையிலி’. தேவதானமாகவும் பிறவாறாகவும் இறை நீக்கிக் கொடுக்கப்பட்ட நிலங்கள் ஊர்தோறும் இருந்தன. அத்தகைய நிலத்தின் பயனை மட்டும் நுகர்வோன், ஊரின் வரிச்சுமையில் தோள் கொடுப்பவன் அல்லன். வாரியத்தார் கையிலோ ஏரியும் தோட்டமும் பொன்னும் இருந்தன. வயிரமேகத் தடாகம் போன்ற பேரேரியைப் பேணுதற்குரிய செலவை முடிவு செய்வோர், அச்செலவின் சுமையைத் தாமும் தாங்குவோராய் இருத்தல் வேண்டும் என்பதே இவ்விதியின் உட்கிடை என யாம் கருதுகின்றோம். ஆகவே, இவ்விதி வரியைச் செலுத்தினானா என்று வினவவில்லை. வரிக்கு உட்பட்டவனா என்றே வினவுகின்றது. இரண்டும் ஒன்றல்ல.

இவ்விதியின் மற்றொரு முகத்தையும் மறைத்தலாகாது. உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். ஐந்து மா இறைநிலமும் வேதக் கல்வியும் தகுதியெனின், உழுதுண்ட குடிகளும் கைத்தொழிலாளரும் தீண்டாமைக்கு ஆளானோரும் பெண்டிரும் அவ்வோலைக்குப் புறத்தே நின்றனர் என்பது சொல்லாமலே விளங்கும். அவர்களுடைய உழைப்பினின்றே இறை எழுந்தது. அவர்கள் பெயரோ குடத்துள் விழவில்லை. வரியையும் தகுதியையும் பிணைக்கும் விதி எதுவும் எளியாரைப் புறந்தள்ளும் மதிலாகவும் மாறவல்லது என்பதற்கு இதுவே முதற்சான்று.

4. இறை இறாதாரை நடத்திய முறை

அங்ஙனமாயின், நிலுவை வைத்தோரைச் சோழர்கால ஊரவர் யாது செய்தனர்? இதற்கு விடை உத்தரமேரூரில் அன்றி, காஞ்சிக்கும் வந்தவாசிக்கும் இடைப்பட்ட உக்கலில் கிடைக்கின்றது. அவ்வூர்ப் பெருமாள் கோயிற் கல்வெட்டுக்களுள் முதலாம் இராசராசனின் இருபத்துநான்காம் ஆட்சியாண்டு ஆணை ஒன்றுளது. அவனது ஆட்சி கி.பி. 985-இல் தொடங்கியதாகலின், இவ்வாணை 1009-ஐ ஒட்டியதாகும். சோழமண்டலம், தொண்டைமண்டலம், பாண்டிநாடு ஆகியவற்றில் பிராமணர், வைகானசர், சமணர் ஆகியோருக்குரிய ஊர்களில் நிலம் வைத்திருந்து, ஊராரோடு ஒப்ப இறை இறாது நின்றோருடைய நிலங்களை, அவ்வவ்வூரவரே கைக்கொண்டு விற்கலாம் என்பது அவ்வாணையின் கருத்து.

இதன் காரணத்தை எளிதில் உணரலாம். அரசனுக்கு இறை செலுத்தும் பொறுப்பு ஊர் முழுவதற்கும் பொதுவானது. ஒருவன் இறாதொழியின் அவன் பங்கு ஏனையோர் தலையில் விழும். அறச்செயல் ஒன்றிற்கு நிலம் விடுவோர், அந்நிலத்தின் இறையைச் சபையாரே என்றும் இறுக்குமாறு முற்கூட்டியே பொன் கொடுத்து ‘இறையிலி’ செய்த செய்திகள் கல்வெட்டுக்களில் எண்ணிறந்தன. ஒரு நிலத்தின் இறை நீங்குமாயின், அதனை யாரேனும் ஒருவர் தாங்கியே தீரவேண்டும் என்பதை அக்காலத்தார் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இவ்வழக்கமே சான்று.

இவ்விரு கல்வெட்டுக்களையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலனாகின்றது. இறை நிலுவைக்குரிய தண்டம் நிலத்தின்மேல் விழுந்தது. கணக்கு நிலுவைக்குரிய தண்டம் பதவியின்மேல் விழுந்தது. தன் பொருளைக் கொடாதவன் பொருளை இழந்தான். பிறர் பொருளுக்குக் கணக்குக் காட்டாதவன் அப்பொருளைக் கையாளும் உரிமையை இழந்தான். இப்பாகுபாடு முன்னோர் எவரும் வெளிப்படக் கூறியதன்று. இரண்டு ஊர்களின், ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு இடைவெளியுள்ள சான்றுகளினின்று யாம் உய்த்துணர்வதே. ஆயினும் அது குற்றத்திற்கேற்ற தண்டமாக அமைந்திருத்தல் வியத்தற்குரியது.

5. வரியும் வாக்கும்: ஆங்கிலேயர் காலம்

இடைப்பட்ட நூற்றாண்டுகளில் ஊர்ச்சபைகள் படிப்படியே மறைந்தன. அவ்வரலாற்றைக் கடந்து ஆங்கிலேயர் காலத்திற்கு வருவோம். 1882-இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானத்தை அடுத்து, 1884-இல் சென்னை மாகாணத்தில் நகராட்சிக்கும் தல நிருவாகத்திற்கும் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன. 1920-இல் அவை மேலும் விரிவாக்கப்பட்டன. இக்காலத்தில் வரி என்பது வாக்கிற்கே வாயிலாக நின்றது. வரி செலுத்துவோர் வாக்காளர் ஆயினர். வரிப்பட்டியலில் இடம்பெறா ஏழையர் புறத்தே நின்றனர். உத்தரமேரூரின் ‘இறைநிலம்’ வேறோர் உருவில் மீண்டும் வந்தது என்று கூறினும் பொருந்தும்.

நிலுவை வைத்திருப்போர் உறுப்பினராதற்குத் தகார் என்னும் விதி சென்னை மாகாணச் சட்டங்களில் இக்காலத்தே உருப்பெற்றது. ஆகவே, நாம் இன்று காணும் நிலுவை விதியின் நேரான மூலம் உத்தரமேரூர்க் கற்சுவரன்று. ஆங்கிலேயர் காலச் சட்டநூலே ஆகும். கல்வெட்டோடு அதற்குள்ள உறவு கருத்தொப்புமை உறவே அன்றி வழிவழி வந்த உறவு அன்று.

1950-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. வரிக்கும் வாக்கிற்கும் இருந்த பிணைப்பு அன்றே அறுந்தது. ஆனால் வரிக்கும் பதவிக்கும் இருந்த பிணைப்பு ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் அறுபடாது நின்றது. 1992-இல் இயற்றப்பெற்று 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74 ஆம் திருத்தங்கள், உள்ளாட்சி உறுப்பினர்க்குரிய தகுதிக்கேடுகளை மாநிலச் சட்டமன்றங்கள் சட்டத்தால் வகுக்கலாம் என இடமளித்தன.

6. இன்றைய விதியின் உறுப்புக்கள்

1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் இவ்விதி ஈரிடங்களில் வருகின்றது. ஒன்று வேட்பாளர் தகுதிக்கேடு. மற்றொன்று தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் பதவியிழத்தல். ஆகவே, தேர்தலுக்கு முன் மட்டும் செலுத்திவிட்டுப் பின்னர் நிலுவை வைத்தாலும் இடர் உண்டு. விதியின் உறுப்புக்களைப் பகுத்து நோக்கின் நான்கு நிபந்தனைகள் தோன்றும்.

முதலாவது, நிலுவை ஊராட்சிக்கு உரியதாதல் வேண்டும். இரண்டாவது, அது முந்திய ஆண்டு முடியவுள்ள நிலுவையாதல் வேண்டும். நடப்பாண்டு வரியை இன்னும் செலுத்தாமை குற்றமாகாது. மூன்றாவது, அது அவர் தம் பொருட்டுச் செலுத்த வேண்டியதாதல் வேண்டும். பிறர் சொத்தைப் பொறுப்பாளராக நின்று பேணும் நிலையில் ஏற்பட்ட நிலுவை கணக்கிடப்படாது. நான்காவது, அந்நிலுவைக்குரிய கேட்போ அறிவிப்போ முறைப்படி அவரிடம் சேர்ப்பிக்கப்பட்டு, அதிற் குறித்த கெடுவும் கடந்திருத்தல் வேண்டும்.

இந்நான்கும் நியாயமான காப்புக்களே. அறியாமையால் நேர்ந்த சிறு நிலுவைக்காக ஒருவர் மக்கள் அளித்த பதவியை இழத்தல் முறையன்று. ஆயினும் நான்காவது நிபந்தனையில்தான் விதியின் உயிர்நிலையும் தங்கியுள்ளது. அதன் நோயும் தங்கியுள்ளது. கேட்பினைச் சேர்ப்பிக்க வேண்டியவர் யார்? ஊராட்சி அலுவலகத்தார். அவர்க்கு மேலே அமர்ந்திருப்பவர் யார்? ஊராட்சித் தலைவர். தம் தலைவருக்கே தாம் அறிவிப்புக் கொடுத்தல் வேண்டும் என்னும் நிலையில் ஒரு செயலர் தயங்குவாராயின், கேட்பு எழாது. கேட்பு எழாவிடின் சட்டத்தின் கண்ணில் தகுதிக்கேடும் எழாது. எளிய குடிமகன் வீட்டுவரிக்கு அறிவிப்பு உரிய காலத்தே வர, ஆள்வோர் வீட்டிற்கு அது வாராதொழிதல் இவ்வாறே நிகழக்கூடும். விதி பொதுவானது, அதனை இயக்கும் கை பொதுவானதன்று.

இரண்டாவது குறைபாடு, பெயர்மாற்றத்தால் விளைவது. வீடும் கடையும் மனைவி பெயரிலோ மகன் பெயரிலோ இருப்பின், அவற்றின் நிலுவை உறுப்பினரைத் தீண்டாது. உத்தரமேரூர்ச் சபையார் சுற்றத்தாரையும் விலக்கியதன் காரணம் இத்தகைய சூழ்ச்சியை அவர்கள் அறிந்திருந்தமையே ஆகலாம். ஆயினும் ஒருவன் செய்த குற்றத்திற்கு அத்தை மகனையும் தண்டிக்கும் முறை இன்றைய நீதிக்கு ஒவ்வாது. முன்னோர் கண்ட நோய் உண்மை. அவர் தந்த மருந்தை அப்படியே உண்ணுதல் இயலாது.

மூன்றாவது, வேட்பு மனுக் காலத்து நிகழ்வது. தேர்தல் அறிவிக்கப்பட்டவுடன் ஆண்டுக்கணக்காய்க் கிடந்த நிலுவைகள் ஊராட்சி அலுவலகங்களில் விரைந்து வந்து சேர்தல் நாடறிந்த காட்சி. இதனை எள்ளி நகையாடுவோர் உளர். எம் கருத்து வேறு. வாராப் பொருள் வந்து சேர்ந்தமையால் விதி ஓரளவேனும் பயன்பட்டது என்றே கொள்ளல் வேண்டும். வருந்தத்தக்கது, அது ஐந்தாண்டுகட்கு ஒருமுறை மட்டும் பயன்படுதலே.

ஈண்டு மற்றொரு முரண்பாட்டையும் சுட்டுதல் தகும். சிற்றூர் ஒன்றின் வார்டு உறுப்பினர் வீட்டுவரி நிலுவைக்காகப் பதவி இழக்கலாம். சட்டமன்ற உறுப்பினர்க்கோ நாடாளுமன்ற உறுப்பினர்க்கோ அத்தகைய இழப்பு இல்லை. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் தகுதிக்கேடுகளுள் வரி நிலுவை இடம்பெறவில்லை. 2002-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பின்னர், அவர்கள் தம் சொத்துக்களோடு அரசிற்குரிய நிலுவைகளையும் உறுதிமொழி ஆவணத்தில் வெளிப்படுத்தல் வேண்டும் என்னும் நிலை ஏற்பட்டது. அஃதாவது, மேலோர்க்கு அறிவித்தலே போதும். கீழோர் செலுத்தியே ஆகவேண்டும். உள்ளாட்சி உறுப்பினர் தாமே வரி விதிப்பவரும் தண்டுபவரும் ஆதலின் அவர்க்குக் கடுமை மிகுதியாதல் தகும் எனலாம். ஆயினும் நாடு முழுவதற்கும் வரி விதிப்போர்க்கு அக்காரணம் பொருந்தாது என்று எங்ஙனம் கூறுதல் இயலும்?

7. கடனும் கடமையும்: அரியானா வழக்கு

இவ்விதியை எத்துணைத் தொலைவு நீட்டலாம் என்னும் வினா 2015-இல் அரியானா மாநிலத்தில் எழுந்தது. அவ்வாண்டு அம்மாநிலம் செய்த ஊராட்சிச் சட்டத் திருத்தம், குறித்த அளவு பள்ளிக்கல்வி இல்லாதவரையும், வீட்டிற் கழிப்பறை இல்லாதவரையும், கூட்டுறவு வங்கிகளுக்குரிய கடன் நிலுவையும் மின்கட்டண நிலுவையும் உடையவரையும் தேர்தலில் நிற்றற்குத் தகாதவராக்கியது. இதனை எதிர்த்துத் தொடுக்கப்பெற்ற இராசபாலா வழக்கில், அவ்வாண்டு திசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. பெருங்கடன் பட்டோர் பெரும்பொருள் செலவிட்டுத் தேர்தலில் நிற்க விழைதல் அரிது என்பது நீதிமன்றம் கூறிய காரணங்களுள் ஒன்று.

தீர்ப்பு சட்டநெறிப்படி முடிந்த முடிபாயினும், கருத்துநெறியில் அதனை ஆராய்தல் தவறாகாது. முன்னர்க் குறித்த கடன், கடமை என்னும் வேறுபாடு இங்கே துணை செய்கின்றது. உழவன் ஒருவன் மழை பொய்த்தமையால் கூட்டுறவு வங்கிக் கடனைத் திருப்பாதிருத்தல் கடன் நிலுவை. வளமனையுடையான் ஒருவன் ஊராட்சிக்குரிய சொத்துவரியைச் செலுத்தாதிருத்தல் கடமை நிலுவை. முன்னது இருவர்க்கிடையே ஏற்பட்ட கொடுக்கல் வாங்கலின் முறிவு. அதற்கு வறுமை காரணமாகலாம். பின்னது ஊரார் அனைவரும் ஒருங்கு தாங்கும் சுமையினின்று தன் தோளை விலக்கிக் கொள்ளுதல். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தின், வறியவன் தகுதியிழப்பான். வளவன் ஒரு நாளிற் பணங்கட்டித் தகுதி பெறுவான். இறைநிலம் இல்லாதாரைப் புறத்தே நிறுத்திய பழைய மதில் அங்ஙனம் மீண்டும் எழும்.

வரி நிலுவையிலும் வறுமையால் நேர்வது உண்டு அன்றோ எனின், உண்டு. கூரை வீட்டிற்கு விதித்த சிறு தொகையைக் கட்ட இயலாதார் உளர். ஆயினும் அத்தொகை சிறிதாகலின் அதனைத் தீர்த்தலும் எளிது. கேட்பும் கெடுவும் வேண்டும் என்னும் நிபந்தனை அவர்க்குக் காப்பாகின்றது. ஆகவே, வரிநிலுவை விதியை நிலைநிறுத்துவதும், அதனைக் கடன் நிலுவைக்கு நீட்டாது நிறுத்துவதும் ஒருங்கே நியாயமாம் என்பது எமது துணிபு.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், உத்தரமேரூர்க் கல்வெட்டு வரி நிலுவை விதியைக் கூறிற்றிலது என்பதும், அது வேண்டியது வரிக்கு உட்பட்டிருத்தலும் கணக்குக் காட்டுதலுமே என்பதும், நிலுவைக்குரிய தண்டத்தை உக்கல் ஆணை நிலத்தின்மேல் வைத்தது என்பதும், இன்றைய விதி ஆங்கிலேயர் காலச் சட்டத்தின் வழித்தோன்றல் என்பதும் பெறப்பட்டன.

ஆயின் உத்தரமேரூரினின்று நாம் இன்று கொள்ளத்தக்கது யாதும் இல்லையா? உண்டு. அச்சபையார் தம் விதிகளைச் சபையிற் கூடிச் செய்தனர்; கோயிற் சுவரில் எவரும் காணப் பொறித்தனர்; ஓலையை விரித்த கையில் வாங்கச் செய்தனர். தகுதி எது என்பதைக் காட்டிலும், தகுதி எங்ஙனம் எல்லாரும் காணச் சோதிக்கப்படல் வேண்டும் என்பதிலேயே அவர்கள் அறிவு சிறந்து விளங்குகின்றது. செயலர் தலைவர்க்கு அறிவிப்புக் கொடுக்கத் தயங்கும் நோய்க்கு மருந்து ஈண்டுளது. இன்று தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டிற் பலமுறை கூடுகின்றது. வரவு செலவுக் கணக்குகள் அங்கே படிக்கப்படுகின்றன. அவற்றோடு தலைவரும் உறுப்பினரும் தாம் செலுத்திய வரி, செலுத்த வேண்டிய வரி ஆகியவற்றின் பட்டியலும் ஆண்டுக்கொருமுறை படிக்கப்படுமாயின், கேட்பினைச் சேர்ப்பித்தற்கு ஊரே சான்றாகும்; எந்தச் செயலரும் எவர்க்கும் அஞ்ச வேண்டுவதில்லை. இதற்குப் புதிய தண்டம் வேண்டா. புதிய விலக்கும் வேண்டா. 2005-ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் கேட்போர்க்குத் தருவதை, கேளாமலே ஊரார் முன் வைத்தால் போதும்.

முதுகலை மாணவர்கள் இத்துறையில் செய்தற்குரிய பணி மிக உண்டு. இறை இறாதார் நிலம் விற்கப்பட்ட செய்திகளைக் கூறும் கல்வெட்டுக்கள் மண்டலவாரியாகத் தொகுக்கப்படல் வேண்டும். அங்ஙனம் நிலமிழந்தோருள் சபைக்கண் பதவி வகித்தோர் எவரேனும் உளரா என்பது ஆராயப்படல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை கிடைப்பின், ஆள்வோரையும் ஆளப்படுவோரையும் பழைய ஊர்ச்சபை ஒரே அளவுகோலால் அளந்ததா என்பது தெளிவாகும். கடமை என்னும் ஒரு சொல்லில் வரியையும் ஒழுக்கத்தையும் ஒருங்கே கேட்கும் செவியை நாம் இழந்துவிட்டோம். ஊரை ஆள்வோர்பாலேனும் அவ்விரு பொருளும் பிரியாதிருத்தல் வேண்டும்.